ரத்தம் ஊற ஒரு ஊசி: ஈ.பி.ஓ.வை வீட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கு

டயாலிசிஸ் வார்டில் இதற்கு வழங்கும் பெயர் ‘ரத்த ஊசி’. மருந்துச் சீட்டில் எரித்ரோபொய்டின் என்று இருக்கும், நர்ஸ்கள் சுருக்கமாக ஈ.பி.ஓ. என்பார்கள். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ கேட்டால் ‘சத்து ஊசி’ என்று சொல்லிவிடுகிறோம். தொல்லை அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. சத்து என்றால் கூடினால் நல்லது, ஒரு வேளை விட்டாலும் மோசமில்லை, மீந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று மனசு கணக்குப் போடும். இது ஹார்மோன். கூடினால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும்.

இந்த ஹார்மோனை உடம்பில் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அது உணர்ந்து, எலும்பு மஜ்ஜைக்கு ‘சிவப்பணு செய்’ என்று சொல்லியனுப்பும் ஆள்தான் எரித்ரோபொய்டின். சிறுநீரகம் செயலிழந்தால் சொல்லியனுப்ப ஆள் இல்லை. போதாக்குறைக்கு, 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு கழிவு தேங்கிய ரத்தத்தில் சீக்கிரமே மடிகிறது. அதனால்தான் கீரையும் பேரீச்சையும் மாதுளையும் எவ்வளவு சாப்பிட்டாலும் சிறுநீரக நோயாளிக்கு எச்.பி. (ஹீமோகுளோபின்) ஏழு, எட்டிலேயே நிற்கிறது. (பொட்டாசியம் ஏறும் உடம்புக்கு அந்தப் பழங்களே வேறு வம்பு.)

1977-இல் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் இந்த ஹார்மோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தபோது, அதற்கு மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. 1985-இல் மரபணு கிடைத்தது, 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகள் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தேங்கும், பிறர் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் வளரும். நாளைக்குச் சிறுநீரகம் தானம் தர ஒருவர் முன்வந்தாலும், ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும் நிலை வரலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்கள், எச்.பி. கொஞ்சம் குறைந்த உடனே ‘ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடலாமே’ என்று கேட்க வேண்டாம் என்பது இதனால்தான்.

சாதாரண இரும்புச்சத்துக் குறைவுக்கு இந்த ஊசி கிடையாது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிற பெண்ணுக்கோ, பி12 இல்லாமல் சோகை வந்தவருக்கோ சிறுநீரகம் நன்றாகத்தான் ஈ.பி.ஓ. சுரந்துகொண்டிருக்கும். அவர்களுக்குத் தேவை வேறு மருந்து.

முதல் ஊசிக்கு முன்பு

ஈ.பி.ஓ. மேஸ்திரி மாதிரி. செங்கல் இல்லாத இடத்தில் மேஸ்திரியை நிறுத்தினால் கூலிதான் நஷ்டம். செங்கல் என்பது இங்கே இரும்பு. ஆகவே ஆரம்பிக்கும் முன் எச்.பி.யோடு ஃபெரிட்டின், டிசாட் இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள். ஃபெரிட்டின் கையிருப்பைச் சொல்லும். டிசாட் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது. டிசாட் 20-க்குக் கீழே, அல்லது ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்று அர்த்தம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஃபெரிட்டின் 200-க்குக் கீழே வந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல், புண், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய் சொல்லும். உள்ளே இரும்பு இல்லாமலேயே எண் மட்டும் ஏறிக் கிடக்கும்.

இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதை சாப்பாட்டோடு போடும், பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையுடனோ கால்சியத்துடனோ சேர்த்து விழுங்கக் கூடாது, டீயோடும் கூடாது. ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இரும்பு குடலைத் தாண்டாமல் போய்விடும். டயாலிசிஸில் இருக்கும் பலருக்கு மாத்திரை போதாது, நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவார்கள். வழக்கம் 100 மி.கி. வீதம் பத்து முறை, மொத்தம் 1,000 மி.கி. ஏற்றுவதென்றால் 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம். வேகமாக ஓடவிட்டால் பிபி விழும், வாந்தி வரும். வாயில் நாணயத்தை வைத்தது போல உலோக ருசி தட்டுவது சாதாரணம். ஆனால் மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். ஊசி நழுவித் தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் பழுப்பாகக் கறைபடிந்து மாதக்கணக்கில் மறையாது. அதனால் எரிகிறது என்றால் பொறுத்துக்கொள்ளாமல் சத்தமாகச் சொல்லுங்கள். இரும்பு ஊசியை வீட்டில் யாரும் போடக் கூடாது. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் இருக்கிற இடத்தில்தான் ஏற்ற வேண்டும். உடம்பில் கடும் தொற்று இருக்கும் நாட்களில் அங்கேயும் தள்ளிப்போடுவார்கள்.

பிபி கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈ.பி.ஓ. ஆரம்பிக்கவே கூடாது. புற்றுநோய் இருப்பவர்கள், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கணக்கு மாறும்.

எவ்வளவு, எது வரை

வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட், வாரம் மூன்று முறை. 60 கிலோ உள்ளவருக்குக் கீழ் அளவு 3,000 யூனிட், மூன்று வேளை சேர்ந்து வாரத்துக்கு 9,000. தோலுக்கடியில் போட்டால் நரம்பில் போடுவதைவிடக் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, குறைந்த மருந்திலேயே அதே பலன் கிடைக்கும், மருந்து மெதுவாக உறிஞ்சப்படுவதால். காசு மிச்சம் என்பதற்காகவும் தோலடி ஊசி இங்கே பரவலாக இருக்கிறது. டார்பிபொய்டின் என்பது நீண்ட நேரம் தங்கும் வகை. அதன் அளவு மைக்ரோகிராமில் வரும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 0.45 வீதம் வாரம் ஒரு முறை. யூனிட்டும் மைக்ரோகிராமும் வேறு வேறு கணக்கு. கடையில் ‘அது இல்லை, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்’ என்றால் வாங்காமல் திரும்புங்கள்.

மருத்துவர்கள் குறிவைப்பது எச்.பி. 10-இலிருந்து 11.5 வரை. இதைக் கேட்டதும் ‘நார்மல் 13 ஆச்சே, ஏன் பாதியில நிறுத்தணும்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 2009-இல் வெளிவந்த ‘ட்ரீட்’ ஆய்வில், சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள 4,038 பேரில் ஒரு பாதிக்கு 13-ஐ எட்டும்படி டார்பிபொய்டின் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் பக்கவாதம் வந்தவர்கள் 101 பேர், மற்றப் பக்கம் 53 பேர். அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த ‘காயர்’ ஆய்வில் 13.5-ஐக் குறிவைத்தவர்களுக்கு மரணமும் இதயச் செயலிழப்பும் கூடின. சைக்கிள் பந்தய வீரர்கள் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்ட ஊக்கமருந்தும் இதேதான். ரத்தம் கெட்டியாகிறது என்று அங்கே பயப்பட்டதும் இதே காரணத்துக்குத்தான்.

உயரத்தைப் போலவே ஏறும் வேகமும் முக்கியம். இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறினால் அது சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட் இல்லை. மருந்தை 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைப்பார்கள். வாரம் மூன்று முறை 4,000 போட்டவருக்கு, அதாவது 12,000-க்கு, கால் பங்கு குறைத்தால் 9,000. அதை 3,000 வீதம் மூன்று முறையாகப் போடலாம். 3,000 கிடைக்காத ஊரில் 4,000-ஐ வாரம் இரண்டாக்கி விடுவார்கள். ஏறவில்லை என்றாலும் அவசரம் கூடாது. ஊசி போட்டுப் பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் தலைகாட்டும், எச்.பி.யில் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான்கு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறாவிட்டால்தான் அளவைக் கூட்டுவது. அதுவும் நான்கு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூட்டக் கூடாது. ‘பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் ஏறலை’ என்று தானாகவே ஒரு ஊசி கூடுதலாகப் போட்டுக்கொள்பவருக்கு, ஆறாவது வாரத்தில் போட்ட மருந்தெல்லாம் ஒன்றாக வேலை காட்டும்.

ஆரம்பத்தில் வாராவாரம், நிலைத்த பிறகு மாதம் ஒரு முறையாவது எச்.பி. பார்க்க வேண்டும். ஒரே லேபில், டயாலிசிஸ் தொடங்கும் முன்பு, வாரத்தின் அதே நாளில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். உடம்பில் மூன்று லிட்டர் நீர் தேங்கியிருக்கும்போது ரத்தம் நீர்த்துப்போய் எச்.பி. குறைவாகக் காட்டும், அதே ஆளுக்கு டயாலிசிஸ் முடிந்து எடுத்தால் கூடுதலாகக் காட்டும். ஒரு மாதம் முன்னால் எடுத்து, மறுமாதம் பின்னால் எடுத்துவிட்டு, ‘ஏறியிருக்கு’ என்பதில் பொருளில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்த அன்றே போட்டு, அடுத்ததை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வேளைக்கானதை ஒன்றாகப் போட வேண்டாம்.

பிபி மெஷின் இல்லாமல் இந்த ஊசி வேண்டாம்

ஒரே ஒரு பொருள் வாங்கக் காசிருக்கிறது என்றால், வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் வாங்குங்கள். ஈ.பி.ஓ. ஆரம்பித்து எச்.பி. ஏறும் முதல் மூன்று மாதத்தில் கால்வாசிப் பேருக்குப் பிபி மாத்திரையைப் புதிதாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டியிருக்கும். வலிப்பு வரும் ஆபத்தும் அந்த முதல் 90 நாளில்தான் அதிகம். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவது, ஏணி ஏறுவது, கிணற்றடியில் தனியாக நிற்பது எதையும் தவிர்ப்பது நல்லது.

ஊசி போடும் நாளில் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் பாருங்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் அன்றைய ஊசியை நிறுத்திவிட்டு போன் செய்ய வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆளுக்கு ஆள் அந்த எண் மாறும். மேல் எண் 180, கீழ் எண் 110 என்று போனாலோ, பிபியோடு கடும் தலைவலி, கண் மங்கல், பேச்சுக் குழறல் சேர்ந்தாலோ போன் செய்து காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஃபிஸ்டுலா உள்ளவர்கள் காலையும் இரவும் அதன் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தேன்கூட்டுக்குள் கை வைத்தாற்போல் ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தம் அடர்த்தியாகும்போது அடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதிர்வு நின்றுபோனால் ‘நாளைக்கு டயாலிசிஸ் இருக்கே, அப்ப காட்டலாம்’ என்று விடக் கூடாது. ஒருநாள் தாமதித்தால் அந்த ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அந்தக் கையில் ஊசி, பிபி பட்டை, ரத்தம் எடுப்பது எதுவும் கூடாது, ஈ.பி.ஓ.வும் சேர்த்துத்தான்.

பிரிட்ஜும் மே மாதமும்

மருந்து இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். உறையக் கூடாது, குலுக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. புரதம் என்பதால் இந்த மூன்றில் எது நடந்தாலும் அதன் உருவம் குலைந்துவிடும். உறைந்து உருகிய ஊசி பார்ப்பதற்கு அப்படியே தெளிவாகத்தான் இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை, சந்தேகம் வந்தால் தூக்கி எறிவது ஒன்றுதான் வழி.

பிரிட்ஜில் எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும், பாட்டில்களோடு சேர்ந்து குலுங்கும். ஃப்ரீசரை ஒட்டிய மேல் தட்டில், அதுவும் ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில், பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் உறைந்துவிடும். நடுத் தட்டில், முன்பக்கமாக, அட்டைப் பெட்டியோடு ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுங்கள். மாவுப் பாத்திரத்துக்கும் அதற்கும் இடைவெளி இருக்கட்டும். ஒரு பிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்தால் யூகம் தேவையில்லை. கரன்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். நெடுநேரம் வராது என்றால் பக்கத்து மருந்துக்கடைப் பிரிட்ஜில் இடம் கேளுங்கள்.

கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பேக் மேல் ஊசியை நேராக வைக்காதீர்கள். தொட்ட பக்கம் உறைந்துபோகும். ஐஸ் பேக்கை ஒரு துண்டில் சுற்றி, இடையில் அட்டை வைத்து, அதன் மேல் ஊசி. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தால் ஐஸ் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். இன்சுலினுக்கு மண்பானை வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதற்கு அது போதும். இதற்குப் போதாது. பானைத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் 8 டிகிரிக்கு வராது. சில கம்பெனிகள் ‘25 டிகிரிக்குள் சில நாள் வெளியே வைக்கலாம்’ என்று உள்தாளில் போட்டிருக்கும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாத மதியத்து அறை 25 டிகிரி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள்.

போடும் விதம்

பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேஜையில் வையுங்கள். குளிர்ந்த மருந்து எரியும். வெந்நீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது. பெயர், யூனிட், காலாவதித் தேதி மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். உள்ளே துகள் மிதந்தாலோ, கலங்கியிருந்தாலோ போட வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்பக்கத்திலோ இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வேறொருவர் போட்டால் மேல்கையின் பின்புறமும் ஆகும். வயிற்றில் குழாய் வைத்து சி.ஏ.பி.டி. (வயிற்றுவழி டயாலிசிஸ்) செய்பவர்கள் குழாய் வெளிவரும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போட வேண்டும். அவர்களுக்குத் தொடை வசதி. வடு, கன்றிய இடம், தடித்த இடம் வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபின் ஊதிக் காயவைக்காதீர்கள், தானே காயட்டும். ஈரத்தோடு குத்தினால் சுள்ளென்று எரியும்.

தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, பென்சில் பிடிப்பது போல் பிடித்து, சின்ன ஊசியானால் நேராக, மெலிந்தவர்களுக்கு 45 டிகிரி சாய்வாக ஒரே குத்தில் உள்ளே விடுங்கள். மெதுவாக, ஐந்து எண்ணும் நேரத்துக்கு அழுத்தி, முழுதும் போனபின் இன்னும் ஐந்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் ஒரு சொட்டு தோல்மேல் வழியும், அந்தச் சொட்டு இருநூறு முன்னூறு யூனிட் இருக்கும். பஞ்சை வைத்து அழுத்தலாம், தேய்க்கக் கூடாது. அடுத்த முறை வேறு இடம். இடது வயிறு, வலது வயிறு, இடது தொடை, வலது தொடை என்று சுற்றி வந்தால் போதும்.

முன்னரே நிரப்பிய சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே வாங்குங்கள். குப்பியில் வாங்கி இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் ‘யூனிட்’ கோடுகள் இன்சுலினுக்கானவை, ஈ.பி.ஓ.வுக்கு அல்ல. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 40 கோடு, ஆரஞ்சு மூடியில் ஒரு மில்லிக்கு 100 கோடு. ஒரு மில்லியில் 4,000 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 3,000 எடுக்க வேண்டும் என்றால் 0.75 மில்லி. சிவப்பு மூடியில் அது 30-ஆம் கோடு, ஆரஞ்சு மூடியில் 75-ஆம் கோடு. ‘முப்பது கோடு’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் கையில் ஒருநாள் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கிடைத்தால் போவது 1,200 யூனிட்தான். குப்பி ஒரு மில்லிக்கு 10,000 உள்ளதாக மாறி, சிரிஞ்ச் பழைய சிவப்பே இருந்தால் அதே முப்பது கோட்டில் 7,500 போகும். ஆகவே கோட்டைச் சொல்லாதீர்கள், மில்லியைச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் 4,000 யூனிட் 0.4 மில்லியிலும் இன்னொன்றின் 4,000 ஒரு மில்லியிலும் வரும் என்பதால் பெட்டி மாறினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

10,000 யூனிட் குப்பியை வாங்கி மூன்று தவணையாகப் போட்டால் விலை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒற்றைத் தவணைக் குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து சேர்த்திருக்க மாட்டார்கள். 1999-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இப்படி மீந்த ஈ.பி.ஓ.வைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்தியதில் ஒரே மாதத்தில் பத்து ரத்தத் தொற்றுகள் வந்தன, மருந்துக்குள் செராஷியா கிருமி வளர்ந்திருந்தது. பல தவணைக்கென்றே செய்த குப்பி தனி. அதில் திறந்த தேதியை எழுதி, உள்தாளில் சொன்ன நாளுக்குள், பல வகைகளில் அது 21 நாள், தீர்க்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். அதில் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹால் கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் ஆகாது.

போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் டயாலிசிஸ் மையத்திலேயே கொடுத்துவிடலாம். குப்பைக்கூடையில் போட்டால் அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளருக்குத்தான் குத்தும்.

எச்.பி. ஏறவே இல்லையென்றால்

முதல் சந்தேகம் இரும்பின் மேல். இரண்டாவது சந்தேகம், சொல்லச் சங்கடமாக இருந்தாலும், பிரிட்ஜின் மேல். அடுத்து தொற்று: கழுத்தில் போட்ட டயாலிசிஸ் குழாய், ஆறாத கால் புண், சொத்தைப் பல்கூட மஜ்ஜையை மந்தமாக்கும். டயாலிசிஸ் போதாமல் இருப்பது, வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்வது, டயலைசரில் (ரத்தத்தை வடிகட்டும் உருளையில்) ரத்தம் உறைந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாவது, மலத்தில் தெரியாமல் ரத்தம் போவது, பாராதைராய்டு ஹார்மோன் கூடியிருப்பது, பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைவது எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. பன்னிரண்டு வாரம் கூட்டிப் பார்த்தும் அசையவில்லை என்றால் மேலும் கூட்டுவதில் பலன் இருக்காது, ஆபத்துதான் கூடும். காரணத்தைத் தேட வேண்டும்.

நன்றாக ஏறி நின்ற எச்.பி. திடீரென்று வாரத்துக்கு அரை கிராம், ஒரு கிராம் என்று சரிந்தால் அது வேறு கதை. அரிதாக, உடம்பு இந்த மருந்தையே எதிரியாக நினைத்து ஆன்டிபாடி செய்துவிடும். அந்த ஆன்டிபாடி, உடம்பு தானே சுரக்கும் மிச்சசொச்ச ஈ.பி.ஓ.வையும் சேர்த்து அழிக்கும். சிவப்பணு உற்பத்தி முழுதாக நின்றுவிடும், வெள்ளையணுவும் தட்டணுவும் மட்டும் சரியாக இருக்கும். 1998-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஐரோப்பாவில் இது கூடுதலாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட மருந்தில் மனித ஆல்புமினை எடுத்துவிட்டுப் பாலிசார்பேட் சேர்த்த மாற்றத்தோடும், தோலடியில் போட்டதோடும் அதைத் தொடர்புபடுத்தினார்கள். சந்தேகம் வந்தால் ஈ.பி.ஓ.வை உடனே நிறுத்த வேண்டும். வேறு கம்பெனிக்கு மாற்றினால் சரியாகாது, அதே ஆன்டிபாடி அதையும் அழிக்கும், டார்பிபொய்டினையும் அழிக்கும்.

கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள் என்பதற்கும், பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணை எழுதிவைக்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மருந்தின் பெயர், யூனிட், பேட்ச் எண், போட்ட இடம், அன்றைய பிபி, மாதம் ஒரு முறை எச்.பி., மூன்று மாதம் ஒரு முறை ஃபெரிட்டின், டிசாட். டாக்டர் மாறினாலும் மையம் மாறினாலும் இந்த நோட்டைக் காட்டினால் அவருக்கு அரை மணி நேர விசாரணை மிச்சம்.

டெசிடுஸ்டாட் போன்ற மாத்திரைகளும் இப்போது வந்துவிட்டன, 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. உடம்பையே ஈ.பி.ஓ. சுரக்கத் தூண்டும் வகை அது. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் ஊசிக்கு அஞ்சுகிறவருக்கும் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. ஆனால் எச்.பி.யை எது வரை ஏற்றலாம் என்ற எல்லை அதற்கும் உண்டு.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குப் புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் அதுவே இந்த ஹார்மோனைச் சுரக்கும். சில வாரங்களில் எச்.பி. தானாக ஏறும், ஊசி நின்றுவிடும். அப்போது பிரிட்ஜில் இரண்டு மூன்று சிரிஞ்ச் மீந்திருக்கும். பக்கத்து வீட்டில் சோகை என்று யாராவது சொன்னாலும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். டயாலிசிஸ் மையத்து நர்ஸிடம் பெட்டியோடு ஒப்படையுங்கள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதா கொட்டுவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.